கொம்பன் வண்டியில் தூங்குகிறான்

ஜூன் 2, ஞாயிறு

இன்றும் ஏணியில் ஏறவில்லை. சித்திரையில் பூட்டுமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் இன்னும் அங்கேயே சோறாக்கித் தின்றுகொண்டிருக்கிறார்கள். மலை உச்சியில் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு நதி அடைபட்டுக் கிடக்கிறது. கீழே நாடே தொண்டை வறண்டு சாகிறது. இவர்கள் மூன்று பேருக்கும் கவலையெல்லாம் ஒரு மாட்டுவண்டியைப் பற்றி.

ஒழுங்காகக் கோபப்பட வேண்டும் என்றால் முதலிலிருந்து எழுத வேண்டும். ஏழ்கரை என்பது நான் உண்டாக்கிய நாடு. உறையூர் மாடிவீட்டில், சாப்பாட்டு மேசையில், எட்டு வருஷமாக ஞாயிறுதோறும் நடக்கிற ஆட்டம். நான் கதைசொல்லி. ஊரையும் காட்டையும் எதிரிகளையும் நான் சொல்வேன், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். சண்டையோ திருட்டோ சாவோ, இருபது பக்க டைஸை உருட்டி முடிவு செய்வோம். ஜாபர் மருந்துக் கம்பெனி ரெப், காலேஜில் எங்களோடு படித்தவன். ஏழ்கரையில் அவன் நாகவிரலன் என்ற திருடன். ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஏழ்கரையில் காற்றை ஏவுகிற சூறை. ராமபத்ரன் அண்ணன் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அரசனாகலாம், மந்திரவாதியாகலாம் என்று எத்தனையோ சொல்லியும் சமையல்காரன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பெயர் அடுப்பன்.

நாலாவது ஆள் கொம்பன். தோணிக்காரன், ஆறரை அடி உயரம். கொம்பனை ஆடுகிறவன் பரிதி. பரிதி வேலை விஷயமாக ஓசூரில் இருப்பதால் கொம்பன் வண்டியில் தூங்குகிறான். எங்கள் மேசையில் அது வழக்கம். யார் ஆட வரவில்லையோ அவருடைய பாத்திரம் வண்டியில் படுத்துத் தூங்கும், மற்றவர்கள் கூடவே கொண்டுபோக வேண்டும். தூங்குகிறவரை எதிரியும் தொடக்கூடாது, கதைசொல்லியும் தொடக்கூடாது. ஸ்டெல்லா பரீட்சைக்குப் போன வருஷம் நானே போட்ட விதி. எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

கொம்பன் போன வருஷம் பொங்கலிலிருந்து தூங்குகிறான். உச்சிக்குப் போக நூலேணிதான் வழி, அதில் வண்டி ஏறாது.

"கொம்பனை விட்டுட்டு எப்படிக்கா ஏறுறது?" என்கிறாள் ஸ்டெல்லா.

"கீழ ஏணிக்காவலன் இருக்கான்ல. அவன் பாத்துக்குவான்."

"அவன் பேச்சே சரியில்ல. நீங்க அவனுக்குக் குடுக்கிற குரலக் கேட்டா, என் வாட்ச்சக்கூட நம்பிக் குடுக்க மாட்டேன்."

ஏணிக்காவலனுக்கு நான் கரகரத்த குரல் வைத்திருக்கிறேன். நல்ல குரல். ஏழ்கரையில் யார் பேசினாலும் என் தொண்டைதான் பேச வேண்டும், அதில் குறை வேறு.

ஜூன் 5, புதன்

மோட்டார் காயில் போய்விட்டது. கீழ்வீட்டுக்காரர் நாளை ஆள் வருவான் என்று மூன்றாவது நாளாகச் சொல்கிறார். குடத்தில் தண்ணீர் தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க "இப்போ தெரியுதா? இப்போ?" என்று கேட்டே தொண்டை போகிறது. வீட்டுக்கு வந்தால் பேசப் பிடிப்பதில்லை. முன்பும் பிடிக்காது.

ஜூலை மூன்றாம் தேதி லீவு வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். என்ன விசேஷம் என்றார். பல் பிடுங்கணும் என்றேன். வேறென்ன சொல்வது.

சாப்பிடும்போது தாழ்க்கோலரசனின் கடைசிப் பேச்சை எழுதினேன். ஏழ்கரையில் நதி நூறு வருஷத்துக்கு ஒருமுறை தடம் மாறும். அது விலகிய கரையில் இருந்த ஊர் காய்ந்து அழியும். ஆறு ஊர்கள் அப்படிப் போயின. ஏழாவது ஊரான தேரிமுடியை ஆண்டவன் தாழ்க்கோலரசன். நதி தன்னையும் விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில், அது பிறக்கிற குகைக்கே கதவு போட்டுப் பூட்டிவிட்டான். இப்போது யாருக்கும் நதி இல்லை, அவனுக்கும் இல்லை. கடைந்தெடுத்த மடையன். ஆனால் ஏழ்கரையிலேயே எனக்குப் பிடித்தவன் அவன்தான். அவன் பேச்சை மட்டும் திருத்தித் திருத்தி எழுதுகிறேன்.

பரிதி ஓசூர் போகும்போது என்னையும் கூப்பிட்டான். கண்ணாடிக் கடை ஓசூரிலும் இருக்கு என்றான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை யார் நடத்துவார்கள் என்று கேட்டேன். நியாயமான கேள்வி. அவன் பதில் சொல்லவில்லை, சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாதவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

ஜூன் 9, ஞாயிறு

இன்றைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? வண்டியை மேலே தூக்க இயந்திரம் கட்டினார்கள். ராமபத்ரன் அண்ணன் பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்து, கப்பி இத்தனை, வடக்கயிறு இத்தனை என்று வரைந்துகொண்டே இருந்தார். பணிமனையில் ரயில் பெட்டியையே தூக்குகிறவருக்கு மாட்டுவண்டி ஒரு பொருட்டா? மூன்று பேரும் டைஸ் உருட்டினார்கள். மூன்று பேருக்கும் நல்ல எண். அந்த நேரம் பார்த்து அதிர்ஷ்டம் வேறு.

இருந்தும் பாதி மலையில் கயிறு அறுந்தது என்று சொன்னேன். வண்டி மட்டும் மெதுவாக, பத்திரமாக, கீழே வந்து சேர்ந்தது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. தூங்குகிறவனைத் தொடக்கூடாதே.

"பாத்தீங்களா, கொம்பன் முழிக்கக்கூட இல்ல," என்றார் அண்ணன் சந்தோஷமாக. ஆட்டத்துக்குள் மழை வந்தபோது அடுப்பனின் சாக்கை எடுத்து அவனுக்குப் போர்த்தியும் விட்டார்.

டீ போடப் போனபோது ஜாபர் பின்னாலேயே வந்தான்.

"வசு, இதுல என்ன இருக்கு? மச்சானுக்கு ஒரு போன் பண்ணு. கொம்பனைக் கீழ விட்டுட்டுப் போகவான்னு கேளு. அவன் சரின்னா நாங்க ஏறிடுறோம். ஆளு சொன்னாப் போதும்."

"நீயே கேளு."

"நாங்க கேட்டா என்னன்னு கேப்போம்? நீதானே கதைசொல்லி."

"அவனுக்கு வேணும்னா அவன் பண்ணட்டும்," என்றேன். சர்க்கரை டப்பா காலி. அதற்கும் ஜாபரைத்தான் திட்டினேன்.

ஜூன் 12, புதன்

மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. மோட்டார் ஆள் வரவில்லை.

ஜூன் 15, சனி

கடையில் இருக்கும்போது வக்கீல் அம்மா போன் செய்தார். மூன்றாம் தேதி ரெண்டு பேரும் நேரில் வந்தால் போதும், ஆட்சேபனை இல்லை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே முடிந்துவிடும் என்றார். "அவர் தரப்புல எல்லாம் ரெடி. நீங்களும் மனசு மாறலையே?" என்று கேட்டார். பக்கத்தில் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தூரத்து போர்டு கோணலாகத் தெரிகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இல்லை மேடம் என்றேன். யாருக்குச் சொன்னேனோ.

ஜூன் 16, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்று அவர்கள் வண்டியைச் சுற்றி வேலி கட்ட ஆரம்பித்தார்கள். வேலி கட்டி, பந்தல் போட்டு, ஓர் ஆளைக் காவல் வைத்துவிட்டு மற்ற இருவர் ஏறுவதாம். யார் காவல் இருப்பது என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டார்கள். நான் இருக்கேன், இல்ல நான் இருக்கேன். எட்டு வருஷமாகக் கதவை நோக்கி நடந்தவர்கள், கதவைப் பார்க்காமல் இருக்கப் போட்டி போடுகிறார்கள். அங்கே ஒருத்தன் எதையும் கேட்காமல் தூங்குகிறான். அவனுக்குப் பந்தல்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"மலை குலுங்குது," என்றேன். "மேலேயிருந்து பாறை சரியுது. வண்டி மேல விழுது. வண்டி நொறுங்கிடுச்சு."

அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தார்.

"வண்டி மேலயா?" என்றாள் ஸ்டெல்லா.

"வண்டி மேலதான்."

"அக்கா, கொம்பன் தூங்குறாரு."

"தெரியும்."

எங்கள் மேசையில் இன்னொரு விதியும் உண்டு. கதைசொல்லி வாய்விட்டுச் சொன்னது சொன்னதுதான். திரும்ப எடுக்க முடியாது. அப்படி எடுக்க ஆரம்பித்தால் நாடு நாடாக இருக்காது, வாய்க்கு வந்த பேச்சாகிவிடும். அதையும் நான்தான் போட்டேன்.

ஸ்டெல்லா பையை எடுத்துக்கொண்டாள். "இது ஆட்டம் இல்லக்கா. நீங்க எங்ககிட்ட சண்ட போட்டிருக்கலாம்." செருப்பு மாட்டும்போது அழுதாள். ராமபத்ரன் அண்ணன் தான் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். ஜாபர் வருஷா வருஷம் பிரியாணி கொண்டுவந்து எங்களோடு உட்கார்ந்து ஒருவாய் சாப்பிட்டுப் போவான். இன்று படியேறவில்லை. கீழே கேட்டில் நின்று கூப்பிட்டான்.

"உள்ள வா."

"இல்ல, இன்னும் நாலு வீடு இருக்கு." தூக்குச்சட்டியைக் கொடுத்தான். போகிறவன் திரும்பி நின்றான். "கொம்பன் செத்துட்டான்னு நீ சொல்லல. பாறை விழுந்துச்சுன்னுதான் சொன்ன."

"அதனால?"

"உயிருக்கு அவனவன் கைதான் உருட்டணும். மச்சான் உருட்டாம கொம்பன் சாகல, பொழைக்கவும் இல்ல. அவன் உருட்டுற வரைக்கும் நாங்க வர்றதா இல்ல. மூணு பேரும் பேசிட்டோம்."

விதிகளை நான் போட்டேன். இவர்கள் அதை வைத்து என்னையே மடக்குகிறார்கள். ஆப்பசைத்த குரங்கு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். பிரியாணி நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

யாரும் வரவில்லை. வரமாட்டோம் என்று சொன்னவர்கள்தான், இருந்தாலும் சுண்டல் வேகவைத்தேன். வரைபடத்தை விரித்தேன். ஏழ்கரையின் படம் பரிதி வரைந்தது. ஊர்ப் பெயர்களை அவன் கையெழுத்தில் படிப்பதற்குள் கண் வலிக்கும்.

ஆள் இல்லாத மேசையில் தாழ்க்கோலரசனின் பேச்சை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "என்னை விட்டுப் போகாதே என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அதனால் பூட்டினேன்." நன்றாகத்தான் வந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

சுண்டல் ஊசிப்போனது. மோட்டார் ஓடுகிறது.

ஜூன் 27, வியாழன்

பரிதிக்கு மெசேஜ் எழுதினேன். "தோணிக்காரா, உன் உயிர் என் மலையடியில் கிடக்கிறது. வந்து உருட்டு" என்று ஏணிக்காவலன் சொல்வதாக. அழித்துவிட்டேன். சாதாரணமாக எழுதலாம் என்று பார்த்தால் "பரிதி" என்று எழுதி நின்றுபோகிறது. மூன்றாம் தேதி எப்படியும் பார்க்கத்தான் போகிறேன். டைஸை ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

குடும்பநல நீதிமன்றத்தில் உட்கார இடம் இருக்காது என்று வக்கீல் அம்மா சொல்லியிருந்தார். இருந்தது. வராந்தாவில் மர பெஞ்சு. பரிதி ஓசூரிலிருந்து விடிகாலைப் பஸ்ஸில் வந்திருந்தான். சட்டை கசங்கியிருந்தது. கொஞ்சம் இளைத்திருக்கிறான்.

"சாப்ட்டியா?" என்றான்.

தலையாட்டினேன். சாப்பிடவில்லை. டைஸை எடுத்துப் பெஞ்சில் எங்களுக்கு நடுவில் வைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "தோணிக்காரா," என்று ஆரம்பித்தேன். கரகரத்த குரல் தானாக வந்தது.

"யாரு பேசுறது?" என்றான்.

"ஏணிக்காவலன்."

"அவன்கூடப் பேச நான் நாலு மணிக்கு எந்திரிச்சு வரல. நீ சொல்லு வசு."

சொல்ல நேரமானது. எதிரில் ஒரு பெண் குழந்தைக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் உன் மேல மலையச் சரிச்சுட்டேன்."

"கொம்பன் மேலயா?"

"ம்."

"தூங்கிட்டிருக்கும்போதா?"

"ஆமா. விதிய மீறிட்டேன். அவங்க மூணு பேரும் உன்ன விட்டுட்டு நகர மாட்டேங்கிறாங்க. நீ எந்திரிக்கவும் மாட்டேங்கிற. எனக்குக் கோபம் வந்துடுச்சு. ஓசூர் போனதுலேர்ந்து எனக்குக் கோபம்."

அவன் மடியிலிருந்த ஃபைலை எடுத்துப் பெஞ்சில் வைத்தான்.

"இத நீ அன்னைக்கே சொல்லிருந்தா நான் பைய கீழ வெச்சிருப்பேன்," என்றான். "கோபம்னு ஒரு வார்த்த. நீ எங்கிட்ட வாயத் தொறந்து பேசுனதெல்லாம் ஞாயித்துக்கிழமைதான் வசு. அதுவும் ராஜா குரல்ல, பேய் குரல்ல. மத்த நாள்ல நான் ஒரு ஊமை வீட்ல குடியிருந்தேன்."

எனக்குப் பதில் இருந்தது. கடையில் நாள் முழுக்கப் பேசுகிறேன், வீட்டில் களைப்பாக இருக்கும். நியாயமான பதில். சொல்லவில்லை.

அவன் டைஸைக் கையில் எடுத்தான். "எத்தன விழணும்?"

எண்ணைச் சொல்வது கதைசொல்லியின் வேலை. ஐந்து என்று சொல்லியிருக்கலாம். ஐந்துக்கு மேல் விழுவதற்கு அதிர்ஷ்டமே வேண்டாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் தூங்குகிறவன் மேல் முழு மலை சரிந்தால் ஐந்து கிடையாது. எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட நான் யாருக்கும் எண்ணைக் குறைத்துச் சொன்னதில்லை.

"பதினெட்டு," என்றேன்.

அவன் சிரித்தான். கோபமாக இல்லை, அசந்துபோனவன் சிரிப்பது போல. "கொல்றதுக்கு விதிய மீறுவ. காப்பாத்துறதுக்கு மீற மாட்ட."

உருட்டினான். பெஞ்சில் உருண்டு அவன் ஃபைலில் முட்டி நின்றது. ஏழு.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். "சரி," என்றான். "போய்ட்டான் பாவம். அவங்ககிட்ட சொல்லிடு." டைஸைத் துடைத்து என் கையில் கொடுத்தான். அப்போது டவாலி எங்கள் பெயரைக் கூப்பிட்டார்.

உள்ளே நீதிபதி அம்மா சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கா என்று கேட்டார். பரிதி என்னைப் பார்த்தான். ஒருவேளை நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தானோ. எத்தனை பேருக்குக் குரல் கொடுத்திருக்கிறேன், அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, இல்லைங்க என்றான். நானும் இல்லைங்க என்றேன்.

வெளியே வந்ததும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டான். நான் கடைக்குப் போனேன். பல் வலி எப்படி இருக்கிறது என்று முதலாளி கேட்டார். பிடுங்கியாச்சு என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

மூன்று பேரும் வந்தார்கள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், பரிதி உருட்டினான், ஏழு விழுந்தது, கொம்பன் இல்லை என்று.

"அன்னைக்குக் கோர்ட்டு வேலையும் முடிஞ்சுதா?" என்று ஜாபர் கேட்டான். முடிந்தது என்றேன்.

ராமபத்ரன் அண்ணன் அடுப்பனாகவே எழுந்து, கல்லைப் புரட்டி, கொம்பனை எடுத்து அடக்கம் செய்வதாகச் சொன்னார். வாய்க்கரிசி போட்டார். மாடுகளை அவிழ்த்துவிட்டார். பிறகு மூவரும் ஏணியில் ஏறினார்கள். இத்தனை மாதம் ஏறாதவர்கள் ஒரு டீ ஆறுவதற்குள் உச்சிக்குப் போய்விட்டார்கள். கதவு எதிரில் நின்றது. நான் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது.

தாழ்க்கோலரசன் பேச வேண்டிய இடம். வாயைத் திறந்தேன். அப்போது ஸ்டெல்லா கேட்டாள்.

"அக்கா, எத்தன விழணும்னு சொன்னீங்க?"

"பதினெட்டு."

"பரிதி அண்ணாவுக்குப் பதினெட்டா?"

"மலையே சரிஞ்சா பதினெட்டுதாம்மா," என்றார் ராமபத்ரன் அண்ணன். எனக்கு ஆதரவாகத்தான் சொன்னார். "வசும்மா சரியாத்தான் சொல்லிருக்கு."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறேன். அதைக் கேட்டதும் அடக்கவே முடியாமல் அழுகை வந்துவிட்டது. மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அஞ்சுன்னு சொல்லிருக்கணும் என்றேன். பரிதி எனக்கு வேணும், அவன் இல்லாத இந்த நாடு எனக்கு வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். என் வாயால், என் குரலில். கேட்க வேண்டியவன் ஓசூரில் துணி துவைத்துக்கொண்டிருப்பான்.

ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் ஜாபர், "கதவு என்னாச்சு வசு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க."

எங்கள் மேசையில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ராமபத்ரன் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவு துருப்பிடித்திருக்கிறது, முதலில் கீலுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று ஆரம்பித்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.